பதினேழைப் பதின்மூன்று என்றேன்

முழங்காலை நீட்டவும் மடக்கவும் படிப்பதற்கு என் மகள் டொக்டர் பட்டம் எடுக்கப்போகிறாள் என்று கேட்டபோது நான் சிரித்தேன். அது மகிழ்ச்சிச் சிரிப்பு அல்ல. ஊரில் ஒரு பெண்கள் பாடசாலையில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். ஒரு பிள்ளை தவறான விடையை மிகுந்த நம்பிக்கையோடு கரும்பலகையில் எழுதும்போது ஆசிரியைக்கு வருகிற சிரிப்பு ஒன்று இருக்கிறது. அதுதான்.

அவள் முதலில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தாள். சரியாகச் சொன்னால், நான் விண்ணப்பிக்க வைத்தேன். இடம் கிடைக்கவில்லை. மொன்றியலிலேயே உடலசைவு பற்றிய படிப்பு ஒன்றை மூன்று வருடம் படித்தாள். பிறகு எல்லைக்கு அப்பால், பஸ்ஸில் ஆறு மணித்தியாலம் போகவேண்டிய ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இயன்முறை மருத்துவத்துக்கு இடம் கிடைத்தது. ஃபிசியோ என்று எல்லோரும் சொல்வது. அங்கே அந்தப் படிப்பை டொக்டர் பட்டமாக மாற்றிக்கொண்டிருந்த காலம். ஏன் மாற்றுகிறார்கள், என்ன வித்தியாசம், இங்கே திரும்பி வந்தால் எந்தப் பரீட்சை எழுதவேண்டும் என்றெல்லாம் அவள் சமையலறையில் நின்று விளக்கினாள். என் காதில் டொக்டர் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

எங்கள் பங்கில் தமிழ்ப் பூசை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். முடிந்ததும் கீழ் மண்டபத்தில் தேநீரும் றோல்ஸும். கடவுளிடம் கேட்கமுடியாததை எல்லாம் அங்கே ஒருவரிடம் ஒருவர் கேட்பார்கள். மகள் என்ன செய்கிறா என்று கேட்டவர்களுக்கு, "டொக்டருக்குப் படிக்கிறா, அமெரிக்காவில" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அந்த இடைவெளியில் வசதியாக நிற்க நான் பழகியது அந்த மண்டபத்தில்தான்.

அதைக் கண்டுபிடித்தவர் கணவரின் ஒன்றுவிட்ட தமையன். ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் இருப்பவர், பஸ் ஓட்டுபவர். அவருடைய மகன் உண்மையாகவே மருத்துவன், ஊசி போடுகிற, மருந்து எழுதுகிற மருத்துவன். டிசம்பரில் ஒரு நத்தார் விருந்தில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அண்ணை என் மகளிடம் நேராகவே கேட்டார். அவளும் மறைக்காமல் சொன்னாள்.

"கை கால் உரஞ்சி விடுற வேலைக்கோ டொக்டர் பட்டம்?" என்றார் அவர். "அப்ப பஸ் ஓட்டுறதுக்கும் ஒண்டு குடுக்கலாம். நானும் எடுப்பன்."

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மகள் தலையைக் குனிந்து சோற்றில் பருப்பை ஊற்றிக்கொண்டாள். அவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை என்று சொன்னால் அது நல்ல வேடிக்கை. அவர் சொன்னதை ஒரு வருடமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அந்த விடுமுறையில்தான் அவள் ஒரு பாகைமானியோடு வந்திருந்தாள். ஒளி புகும் பிளாஸ்டிக், இரண்டு நீண்ட கைகள், நடுவில் ஓர் ஆணி. மூட்டு எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கருவியாம். இரண்டாம் வருடத்தில் அதற்குச் செய்முறைப் பரீட்சை. தகப்பனைக் கட்டிலில் படுக்கவைத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொன்றாக அளந்தாள். அவர் சந்தைக்கு வந்த மாடு மாதிரிப் பொறுமையாகக் கிடந்தார். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, இது ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கணிதப் பெட்டிக்குள் இருக்கிற சாமான், இதற்கா மூன்று வருடம் என்றேன்.

"கோணம் அளக்கிறது லேசு அம்மா," என்றாள். "மூட்டு எங்க இருக்கெண்டு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்."

தகப்பனின் முழங்காலை என்னையும் அளந்து பார்க்கச் சொன்னாள். தொடையின் வெளிப்பக்கம் இடுப்புக்குக் கீழே ஓர் எலும்பு மேடு, முழங்காலின் பக்கத்தில் ஒரு மேடு, கணுக்காலில் ஒன்று. மூன்றையும் விரலால் தேடிப் பிடித்த பிறகுதான் பாகைமானியை வைக்கவேண்டும். கால் முழுதாக நீண்டிருந்தால் பூச்சியம். நான் மூன்று முறை அளந்தேன், மூன்று விடை வந்தது. நாலாம் முறையிலிருந்து சரியாக வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை வெளியில் காட்டவில்லை. இன்னொரு நையாண்டி சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

ஜனவரியில் கணவர் விழுந்தார்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் நாங்கள் இரண்டாம் மாடி. இந்த நகரத்தில் எந்த அறிவாளியின் யோசனையோ தெரியாது, மாடிப்படியை வீட்டுக்கு வெளியே இரும்பில் கட்டி, வருடத்தில் ஐந்து மாதம் அதன்மேல் பனியைக் கொட்டவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு உறைமழை, விழுந்ததும் பனிக்கட்டியாகிற மழை. படியில் தூவுகிற உப்பு வாளி கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. பூசைக்கு நேரமாகிறது என்று நான் கத்த, அவர் பளபளக்கும் சப்பாத்தோடு இறங்கினார். நாலாவது படியில் கால் போனது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு உடைந்துவிட்டது.

உலோகத் தட்டு வைத்துத் திருகாணி போட்டார்கள். சத்திர சிகிச்சை செய்தவர் மூன்று நிமிடம் எங்களோடு பேசினார். எலும்பு அழகாகப் பொருந்தியிருக்கிறதாம். பத்து வாரம் அந்தக் காலில் பாரம் கொடுக்கக் கூடாது, ஆனால் முழங்காலை அசைக்கவேண்டும். ஃபிசியோவுக்குப் பெயர் பதிந்திருக்கிறது, முறை வரும்போது அழைப்பார்கள். முறை எப்போது வரும் என்று கேட்டேன். தாதி தோளை உயர்த்திக் காட்டினாள். இந்த ஊரில் அதுதான் எல்லாக் கேள்விக்கும் விடை.

என் கணவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தவர். நாள் முழுக்க நிற்கவேண்டும், பாரம் தூக்கும் வண்டியில் ஏறி இறங்கவேண்டும். கால் முழுதாக நீளாவிட்டால் அந்த வேலை இல்லை. வேறு வேலைக்கு அவருக்கு வயதும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. பஸ் பிடித்து ஓடிவந்த மகள் இதைத்தான் முதலில் எனக்குச் சொன்னாள். மூன்று நாள் நின்றாள். போவதற்கு முன் கட்டிலடியில் என்னை இருத்தி, பாடம் எடுத்தாள்.

"முழங்காலுக்குக் கீழ தலையணை வைக்கப்படாது. எவ்வளவு கெஞ்சினாலும் வைக்கப்படாது. மடங்கி இருந்தா அவருக்குச் சுகமா இருக்கும். அந்தச் சுகத்திலயே உள்ளுக்க இறுகிப்போயிடும். பேந்து நீட்டேலாது."

அதற்குப் பதிலாக, குளித்துத் துடைக்கிற துவாய் ஒன்றைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வைக்கவேண்டும். முழங்கால் அந்தரத்தில் தொங்கும். தன் பாரத்திலேயே மெல்ல மெல்ல நேராகும். பத்து நிமிடம், ஒரு நாளில் ஆறு ஏழு முறை. வலிக்கும், கத்துவார், விடக்கூடாது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் பாகைமானியால் அளந்து, கொப்பியில் எழுதி, ஐந்து மணிக்கு அவள் அழைக்கும்போது சொல்லவேண்டும். அன்றைக்கு அளந்தபோது நேராவதற்குப் பதினைந்து பாகை குறைவாக இருந்தது. ஆறு வாரத்துக்குள் அது பூச்சியத்துக்கு வரவேண்டும் என்றாள். பாகைமானியை என்னிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாம் நாள் செபக்குழு வந்தது.

எங்கள் சனத்துக்கு ஒருவர் நோய் வருத்தமாகப் படுத்துவிட்டால் போதும். ஒரு வேலைப்பிரிவு மாதிரி முறை வைத்து வருவார்கள். சத்துமா டின், தோடம்பழப் பை, செபமாலை. வருத்தக்காரர் படுத்திருக்கவேண்டும். அசையக் கூடாது, எழும்பக் கூடாது, தன் தேநீரைத் தானே எடுக்கக் கூடாது. அசைந்தால் வருத்தத்துக்கு மரியாதை இல்லை. அவரைச் சுற்றி இருந்து, இதேபோல விழுந்து செத்துப்போன ஆட்களைப் பற்றி ஒருவர் மாறி ஒருவர் சொல்வார்கள். பிறகு செபம். நான் இதைப் பரிகசிக்கிறேன், ஆனால் அந்த ஐந்து வாரமும் அவர்களுக்குக் கேக் வெட்டிக்கொடுத்து, நல்ல கோப்பைகளை எடுத்து வைத்து, எங்கள் வீட்டில் இத்தனை பேர் வந்தார்கள் என்று தொலைபேசியில் மற்றவர்களுக்குச் சொன்னவளும் நான்தான்.

அன்றைக்குக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த அக்கா அறைக்குள் நுழைந்ததும் துவாயில் தொங்கிக்கொண்டிருந்த காலைத்தான் பார்த்தார். கணவரின் முகத்தில் வியர்வை.

"என்ன இது, மனுசனைத் தண்டனைக்குப் போட்ட மாதிரி வைச்சிருக்கிறீர்?" என்றார். "ஒரு தலையணை குடும் பாப்பம்."

மகள் சொன்னதை நான் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "பிள்ளை படிச்சதுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா வருத்தக்காரனைப் பாக்கிறதுக்குப் படிப்பே வேணும்? நெஞ்சில ஈரம் வேணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்த மகள், ஈரமில்லாத தாய். கணவரும் பார்த்தார். "இஞ்சரும், அஞ்சு நிமிசம்," என்றார். "சனம் போகுமட்டும் வையுமப்பா."

தலையணையை நானே கொண்டுவந்து வைத்தேன். அவருடைய முகம் உடனே இளகியது. ஐந்து நிமிடம் இரண்டரை மணித்தியாலமானது. அவர்கள் போனபிறகு அளந்தேன். பதினேழு.

ஐந்து மணிக்கு மகள் அழைத்தாள். பதின்மூன்று என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஏசுவாள் என்ற பயமா என்றால், அவள் ஏசுகிற பிள்ளை இல்லை. தூரத்தில் இருந்து கவலைப்படுவாள், படிப்பு கெடும் என்று நினைத்தேன் என்பது அழகான காரணம். பல வருடம் அதைத்தான் வைத்திருந்தேன். உண்மை அதைவிடச் சின்னது. நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியவரக் கூடாது. நாளைக்கு இரண்டு மடங்கு செய்து பதின்மூன்றுக்குக் கொண்டுவந்துவிடலாம், அப்போது அது பொய்யாக இருக்காது என்று கணக்குப் போட்டேன். வீட்டுவேலை செய்யாத பிள்ளைகள் எனக்கு இதே காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை முழங்காலில் நிற்கவைத்திருக்கிறேன்.

மறுநாள் வேறு சனம் வந்தது. அதற்கு அடுத்த நாள் நான் பிள்ளைகள் காப்பகத்துச் சமையல் வேலைக்குத் திரும்பினேன். மத்தியானம் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தால் தலையணை காலுக்குக் கீழே இருக்கும். காலையில் யாரோ வந்துவிட்டுப் போயிருப்பார்கள், அல்லது அவரே ஊன்றுதடியால் இழுத்து எடுத்திருப்பார். எடுத்தால் முகம் சுருங்கும். பதினெட்டு வயதில் எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது பார்த்த முகம் இல்லை அது. ஆனால் அந்த முகத்தில் வலி வரும்போது என்னால் பார்க்கமுடியவில்லை. துவாயை வைத்து, நாலு நிமிடத்தில் எடுத்துவிடுவேன். அவர் நன்றியோடு பார்ப்பார். அந்தப் பார்வைக்காக அவருடைய காலை விற்றேன்.

கொப்பியில் இரண்டு வரிசை வைக்கவில்லை. ஒரே வரிசை, பொய் வரிசை. கணிதம் படிப்பித்தவள் என்பதால் அதையும் ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு நாளும் ஒரே அளவு குறைந்தால் சந்தேகம் வரும் என்று, இடையில் சில நாள் ஒரு பாகை கூட்டிச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை, "இண்டைக்குக் கொஞ்சம் இறுக்கமா இருக்கு, பத்திலயிருந்து பதினொண்டுக்குப் போட்டுது" என்று கவலைப்பட்டும் காட்டினேன். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அது வழமைதான் அம்மா, நீங்கள் நல்லாச் செய்யிறீங்கள் என்றாள். உண்மையான அளவு அன்றைக்கு இருபது.

இடையில் தையல் கம்பிகளைக் கழற்ற வைத்தியசாலைக்குப் போனோம். படம் எடுத்தார்கள். எலும்பைப் பார்த்தார்கள். எலும்பு அழகாகத்தான் இருந்தது. முழங்காலை ஒருவரும் அளக்கவில்லை. நான் வாய் திறக்கவும் இல்லை.

மார்ச் மாதம் ஒரு வார விடுமுறைக்கு மகள் வந்தாள். நான் அவளுக்குப் பிடித்த இறால் பொரியல் செய்துகொண்டிருந்தேன். பையை வைத்துவிட்டு நேராக அறைக்குள் போனாள். சிரிக்கிற சத்தம் கேட்டது, தகப்பனும் மகளும். பிறகு சத்தம் நின்றது. எண்ணெய்தான் பொரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, இஞ்ச ஒருக்கா வாங்கோ."

அடுப்பை நிறுத்திவிட்டுப் போனேன். பாகைமானியை என்னிடம் நீட்டினாள். அளக்கச் சொன்னாள். நான் மூன்று எலும்பு மேடுகளையும் தேடிப் பிடித்தேன். பாகைமானியைச் சரியாகத்தான் வைத்தேன்.

"எத்தினை?"

"இருபத்துமூண்டு."

"நேற்று என்ன சொன்னீங்கள்?"

"அஞ்சு."

கணவர்தான் முதலில் வாய் திறந்தார். அம்மாவை ஒன்றும் சொல்லாதே, தலையணை கேட்டது நான்தான் என்றார். எத்தனை பாகை என்று நான் சொல்லிவந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அவர் இலக்கத்தைக் கேட்டதே இல்லை.

"நீங்கள் கேப்பீங்கள் அப்பா," என்றாள். "நோகிறவர் கேக்கத்தான் செய்வார். அதுக்காகத்தானே அம்மாட்ட விட்டிட்டுப் போனனான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், அந்த வீட்டில் அழுகையும் சண்டையுமாக அந்த நாள் முடிந்திருக்கும். அவள் துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வைத்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தாள்.

பிறகு, சமையலறையில், இன்னொன்றையும் சொன்னாள். தகப்பனுடைய முழங்காலைத்தான் அவள் வகுப்பில் எடுத்துச் சொல்லியிருந்தாளாம். பெயர் சொல்லாமல், ஐம்பத்திரண்டு வயது ஆண், எலும்பு முறிவு, வீட்டிலேயே பயிற்சி என்று. என் இலக்கங்களை வைத்து ஒரு வரைபு கீறிக் காட்டியிருந்தாள். நடுவில் அந்த ஒரு பாகை ஏற்றம்கூட அதில் இருந்தது. வீட்டில் இருப்பவர்கள் இவ்வளவு கவனமாகச் செய்வது அபூர்வம் என்று விரிவுரையாளர் பாராட்டினாராம்.

"திங்கக்கிழமை போய் எழும்பி நிண்டு, அது பிழையெண்டு சொல்லவேணும்."

"அம்மா பிழையா அளந்திட்டா எண்டு சொல்லன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்கள் பிழையா அளக்கேல்லை அம்மா."

பிடிபட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, அடுத்த பொய்யை எடுத்து அவள் கையில் கொடுக்கிறேன். அதுவும் அவளுடைய பெயரில் சொல்வதற்கு. என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால் அதற்கு வெட்கம் என்பதே இல்லை என்று தாயைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

அந்த வாரம் அவள் தகப்பனோடு பட்ட பாட்டை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் கத்தினார், கெஞ்சினார், ஒருமுறை அவளை ஒரு கெட்ட வார்த்தையால் ஏசினார். ஊரில் இருந்த காலம் தொட்டு அவர் வாயில் நான் கேட்டிராத வார்த்தை. அவள் அதற்கும் "ஓம் அப்பா, ஓம், இன்னும் ரெண்டு நிமிசம்" என்றாள். கை கால் உரஞ்சிவிடுகிற வேலை என்று நான் நினைத்ததில் உரஞ்சுவது எங்கேயும் இருக்கவில்லை. தன்னைப் பெற்றவன் அழும்போது மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு மூன்று வருடம் போதுமா என்பதுதான் சந்தேகம்.

ஒரு வாரத்தில் இருபத்துமூன்று பத்தொன்பதானது. அவள் போனாள். திங்கட்கிழமை வகுப்பில் எழும்பி நின்று சொன்னாளாம். என்ன சொன்னாள், யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

வைத்தியசாலையில் ஃபிசியோவுக்கு முறை வந்தது ஏப்ரலில். அங்கே இருந்த பெடியனும் மகள் செய்ததைத்தான் செய்தான், பிரெஞ்சில். ஜூன் வரைக்கும் இழுபட்டுப் பன்னிரண்டில் நின்றுவிட்டது. பன்னிரண்டு பாகை என்றால் கணிதத்தில் ஒன்றுமில்லை, கரும்பலகையில் கீறினால் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாது. நடக்கும்போது அது தெரிகிறது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு தாழும். அரை மணித்தியாலம் நின்றால் நல்ல காலும் நோகும். பண்டகசாலையில் இருந்து மேலாளர் இரண்டு தரம் அழைத்து, மிக மரியாதையாக, எப்போது வருவார் என்று கேட்டார். மூன்றாம் தரம் அழைக்கும்போது என்ன கேட்பார் என்று எங்களுக்குத் தெரியும்.

சத்திர சிகிச்சை செய்தவர் இந்த முறை ஆறு நிமிடம் பேசினார். மயக்கம் கொடுத்து, சிறிய துளைகள் வழியாக உள்ளே இறுகியிருக்கும் தழும்புத் திசுவை வெட்டி, காலை நீட்டிவிடுவார்களாம். இது ஒருமுறைதான். அதன் பிறகு முதல் மூன்று வாரம் எப்படிப் பார்க்கிறோமோ அப்படித்தான் கால். மறுபடி இறுகினால் மறுபடி வெட்டுவதில் பிரயோசனம் இல்லை.

அந்த மூன்று வாரமும் மகளால் வரமுடியாது. தூரத்து நகரம் ஒன்றில் ஒரு வைத்தியசாலையில் அவளுக்குக் கட்டாயப் பயிற்சி. ஒரு நாள் தவறினால் அந்த வருடம் போய்விடும். தொலைபேசியில்தான் இதைச் சொன்னாள். மறுமுனையில் அவள் என்ன யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தகப்பனுடைய காலை மறுபடியும் யாரிடம் விடவேண்டும் என்று. வேறு ஆள் இல்லை. "நான் பாக்கிறன்" என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வேலையில் மூன்று வாரம் விடுப்பு எடுத்தேன். தலையணைகள் எல்லாவற்றையும், என்னுடையதையும் சேர்த்து, கறுத்தப் பையில் கட்டிக் கீழ்வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். ஏன் என்று அவளுக்குப் பிரெஞ்சில் விளக்க எனக்குத் தெரியவில்லை. அவள் மெர்சி என்று நன்றி சொல்லி வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாளே செபக்குழு வந்தது. இரும்புப் படியில் அவர்கள் ஏறுகிற சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து வாசலில் நின்றேன். அக்கா முன்னால், கையில் டின். பின்னால் மூன்று பேர், படியில் ஒருவர் கீழ் ஒருவராக.

"அவருக்கு இப்ப வேலை நேரம் அக்கா," என்றேன். "பேந்து வாங்கோ. மூண்டு கிழமை கழிச்சு."

"நாங்கள் செபம் சொல்லிப்போட்டுப் போவம். கால் மணித்தியாலம்."

"படியிலயும் சொல்லலாம்," என்றேன்.

அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. அந்த அக்கா எங்களுக்காக உண்மையாகவே அழுதிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணம் அவருடைய இரக்கம் எனக்கு அருவருப்பாக இருந்தது, என்னுடையதைவிடக் கொஞ்சம் குறைவாக. அவர்கள் டின்னைப் படியில் வைத்துவிட்டு இறங்கினார்கள். அதன் பிறகு இரண்டு வருடம் மண்டபத்தில் எங்களுக்கு அருகே எப்போதும் ஒரு கதிரை காலியாக இருந்தது.

உள்ளே போய்த் துவாயைச் சுருட்டி வைத்தேன். இந்தமுறை கையால் அழுத்தவும் வேண்டும், முழங்காலுக்குச் சற்று மேலே, மெல்ல, விடாமல். பத்து நிமிடம். அவர் என்னையும் அந்த வார்த்தையால் ஏசினார். நான் மகளாக இல்லாததால் "ஓம் அப்பா" என்று சொல்ல வரவில்லை. திருப்பி ஏசினேன். ஏசிக்கொண்டே அழுத்தினேன். மூன்றாம் நாள் அவர் அழுதார். ஐம்பத்திரண்டு வயது ஆள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. என் கை தளர்ந்தது. ஒரு நிமிடம் தளர்ந்தேதான் இருந்தது. பிறகு மறுபடி அழுத்தினேன். அதைப் பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஜனவரியில் செய்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காது.

அன்று ஐந்து மணிக்கு அவள் அழைத்தாள். அளந்து முடித்து, இலக்கம் கொப்பியில் இருந்தது.

"நாலு," என்றேன்.

"அப்பாட்டக் குடுங்கோ," என்றாள்.

கொடுத்தேன். அவள் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்க்காமல் பாகைமானியைக் கேட்டார். நான் அதை மறுபடி முழங்காலில் வைத்துப் பிடிக்க, அவர் படுக்கையிலிருந்து அரைவாசி எழும்பிக் கண்ணைச் சுருக்கினார். எழுத்து தெரியவில்லை. மேசையிலிருந்து அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து நானே மாட்டிவிட்டேன். "நாலு," என்றார் தொலைபேசியில். "ஓம். நாலுதான் பிள்ளை." பிறகு சிரித்து ஏதோ பேசினார்கள். என்னிடம் தொலைபேசி திரும்பி வரவில்லை.

இருபத்தொரு நாள் முடியும்வரை அப்படியே நடந்தது. நான் அளப்பேன், அவர் கண்ணாடி போட்டு வாசிப்பார். நான் சொன்ன இலக்கம் ஒருநாளும் பிழைக்கவில்லை. ஒருநாள் ஆறு என்றும் சொன்னேன், முதல்நாளைவிட இரண்டு கூட. ஆறுதான் இருந்தது. கால் கடைசியில் ஐந்தில் நின்றது, இன்றும் அதில்தான் நிற்கிறது. செப்டெம்பரில் பண்டகசாலைக்குத் திரும்பினார். தெரியாதவர்கள் பார்த்தால் கொஞ்சம் களைத்து நடக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். நான் பின்னால் நடந்து போனால் ஒவ்வொரு அடியிலும் அந்த ஐந்து பாகையையும் பார்ப்பேன். ஆகையால் முன்னால் நடக்கிறேன்.

மகள் படிப்பை முடித்துவிட்டாள். பட்டமளிப்புக்குப் போனோம். நீளமான அங்கி, தலையில் தொப்பி, பெயருக்கு முன்னால் டொக்டர் என்று ஒரு தரம் உரக்க வாசித்தார்கள். கை தட்டினேன். அந்தச் சொல்லை நான் இப்போது மண்டபத்தில் சொல்வதில்லை. கேட்டால், கால்களை நடக்கவைக்கிற வேலை என்கிறேன். கேட்டவர்கள் பாவம் என்பது போலப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

போன மாதம் எனக்குத் தலைசுற்று. மருந்துக்கடையில் இருக்கும் இயந்திரத்தில் கையை வைத்து இரத்த அழுத்தம் பார்த்து, இலக்கத்தைக் காகிதத் துண்டில் எழுதிக்கொண்டு வந்தேன். மகள் அழைத்தபோது சொன்னேன். அவள் அன்பாகத்தான் கேட்டாள். சாப்பிட்டீங்களோ, நித்திரை எப்படி, எழும்பும்போதா சுற்றுகிறது என்றெல்லாம். பிறகு இன்னொன்று கேட்டாள்.

"அப்பா பக்கத்தில நிக்கிறாரோ?"

நின்றார். தொலைபேசியையும் துண்டையும் அவரிடம் கொடுத்தேன். சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அவர் அதை வாசித்தார்.